நாள் எங்கே போகிறது?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துத் தங்கும் விடுதிகளாக மாற்றித் தரும் வேலைகளை மேற்பார்வை செய்து வருகிறேன். "ஆவணிக்குள்ள முடிஞ்சிருமா தம்பி?" என்று வீட்டு ஆச்சி கேட்பார். "முடிச்சிரலாம் ஆச்சி" என்பார் ஒப்பந்தக்காரர். தை பிறக்கும்போதும் கொத்தனார் சாரத்தின் மேல்தான் நிற்பார். வட்டி ஏறி, முன்பதிவு செய்த விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டு, மனம் நொந்துபோன உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொன்ன நாளில் வேலையை முடிப்பது எப்படி என்று இதை எழுதுகிறேன். அரிசி ஆலையை விரிவாக்கினாலும் புதுக் கடை திறந்தாலும் இதே கதைதான்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறேன். முடிந்த வேலைகளின் குறிப்புகளைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரியும். ஆட்கள் மெதுவாகச் செய்ததால் போன நாட்கள் கொஞ்சம்தான். கல் வரவில்லை, பணம் வரவில்லை, யாரும் முடிவு சொல்லவில்லை என்று காத்திருந்தே போன நாட்கள் பல மடங்கு.

நானே செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் முகப்புக்கும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவுக்கும் ஆத்தங்குடிக் கல் என்ற பூப்போட்ட தரை ஓடு போடுவதாக முடிவாயிற்று. தரை வேலை கடைசியில்தானே வருகிறது என்று ஆர்டரையும் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்து வருவதில்லை. கண்ணாடி மேல் சட்டம் வைத்து, பூ அச்சுக்குள் சாயம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தித்தான் தருவார்கள். நான் ஆர்டர் கொடுத்தது புரட்டாசிக் கடைசியில். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வளவு தயாராக இருந்தும் கல் இல்லாமல் வாரக்கணக்கில் சும்மா கிடந்தது. தரை போடும் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். கல் வந்த பிறகு அவரைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது.

இப்போதெல்லாம் திறப்பு நாளில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணுகிறேன். தரை எப்போது போட வேண்டும், அதற்குக் கல் எப்போது வந்து இறங்க வேண்டும், அப்படியானால் ஆர்டர் எந்த மாதம் போக வேண்டும் என்று. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் தன் ஆலை வேலைகளுக்காக 'கிரிட்டிக்கல் பாத்' என்ற முறையை வளர்த்தெடுத்தது. ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் வேலைகளைக் கோத்து, அதில் மிக நீளமான சங்கிலி எது என்று கண்டுபிடிப்பதுதான் அதன் சாரம். குளியலறைக்குக் குழாய் பதிக்காமல் கசிவுச் சோதனை இல்லை. சோதனை முடியாமல் தரை இல்லை. தரை முடியாமல் கதவு மாட்ட முடியாது. இந்தச் சங்கிலியில் ஒரு நாள் தவறினால் திறப்பும் ஒரு நாள் தள்ளிப்போகும். வெளிச்சுவர்ப் பூச்சு ஒரு வாரம் தள்ளினாலும் ஒன்றும் ஆகாது. என் கவனத்தில் பெரும்பங்கு சங்கிலிக்குத்தான். சில நாட்களை யாராலும் சுருக்க முடியாது என்பதையும் உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாங்கும் சுவர்களுக்கு இடையே நாலரை மீட்டருக்கு மேல் இடைவெளியுள்ள கான்கிரீட் தளத்துக்கு முட்டுக்களைப் பிரிக்கக் குறைந்தது 14 நாள் என்கிறது இந்தியத் தர விதி. ஆள் கூட்டினாலும் அது 7 நாளாகாது.

அடுத்து, முடிவு சொல்லும் ஆள். எங்கள் ஊர்ப் பக்கம் இதுதான் பெரிய சிக்கல். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், இன்னொருவர் சிங்கப்பூரில். மூத்தவர் பர்மாத் தேக்குத் தூண்களுக்கு வெறும் பாலிஷ் போதும் என்பார். பிள்ளையார் நோன்புக்கு வரும் தம்பி வேறு சாயம் கேட்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும், ஆனால் ஆசாரி நடுவில் மாட்டிக்கொள்வார். முன்பணம் வாங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி எல்லாப் பங்காளிகளிடமும் கையெழுத்து வாங்குகிறேன். இறுதி முடிவு யாருடையது, கேள்வி அனுப்பினால் எத்தனை நாளுக்குள் பதில், எந்த வேலைகள் இந்தத் தொகைக்குள் வராது. மூன்றாவதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். எழுதிவிடுங்கள், பின்னால் மனக்கசப்பு வராது. நடுவில் மாற்றம் கேட்டால் மறுப்பதில்லை. கூடுதல் செலவு இவ்வளவு, கூடுதல் நாள் இவ்வளவு என்று எழுதிக் காட்டி, ஒப்புதல் வந்த பிறகே கை வைக்கிறோம். வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்தியை ஒப்புதலாக எடுத்துக்கொள்வதில்லை.

சனிக்கிழமை சம்பளம் போடும்போது எல்லாரும் கூடுவார்கள். கூட்டத்துக்குத் தனி நாள் தேவையில்லை. "எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்று கேட்டால் "முக்கால்வாசி" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "இன்னும் எத்தனை நாள்? அடுத்த வாரம் உங்க வேலை எதனால நிக்கும்?" என்று கேட்கிறேன். வரும் பதிலைக் குறிப்பேட்டில் எழுதி, எதிரே ஒரே ஒரு பெயரை எழுதுகிறேன். இரண்டு பெயர் எழுதினால் இருவருமே செய்ய மாட்டார்கள்.

அப்புறம், எதிர்பாராத தாமதத்துக்கென்று கையில் வைக்கும் உபரி நாட்கள். ஆளுக்கு இரண்டு நாள் ஒளித்து வைத்துக் கணக்குச் சொன்னால் அது சொன்ன இடத்திலேயே கரைந்துவிடும். எல்லாரிடமும் நேர்க்கணக்கு வாங்கி, உபரியை மொத்தமாகக் கடைசியில் வையுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களின் விடுப்பையும் அட்டவணையில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் இன்னொன்றும் செய்கிறோம். உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன முறை அது. ஆறு மாதம் கழித்து இந்த வேலை படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், எதனால் படுத்தது என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். போன முறை வீட்டுக் கூடமான பட்டாலையில் உட்கார்ந்து பேசினோம். மழை, மணல், ஆள் பற்றாக்குறை என்று தெரிந்த காரணங்களே வந்தன. ஓரத்தில் இருந்த வயரிங் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "இத்தனை ஏசி போடுறோம், கரண்டு லோடு கூட்ட இன்னும் எழுதிக் கொடுக்கலையேண்ணே." யாருடைய பட்டியலிலும் அது இல்லை. மறுநாள் காலை முதல் வேலையாக அந்த விண்ணப்பத்தை நிரப்பினோம்.