நின்றே கிடக்கும் காருக்கு ஆயிரம் ரூபாய் மெயின்டெய்னரா, பத்தாயிரம் ரூபாய் மெயின்டெய்னரா?

2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்ததிலிருந்து, எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற பலர் காரை வாரக்கணக்கில் பேஸ்மென்ட்டில் போட்டுவிடுகிறார்கள். சில்க் போர்டு டிராஃபிக்கில் நின்று வேகுவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் அன்று சாவியைத் திருகினால் செல்ஃப் எடுப்பதில்லை. அல்சூரில் பேட்டரி, வயரிங் வேலை பார்க்கிற எனக்குப் பண்டிகைக்கு முந்தின நாள் வரும் போன்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். வண்டியை ஜம்ப் ஸ்டார்ட் செய்து கொடுத்ததும் அடுத்த கேள்வி வரும்: "அண்ணா, இந்த மெயின்டெய்னர் ஆன்லைன்ல ஆயிரத்துக்கும் இருக்கு, பத்தாயிரத்துக்கும் இருக்கு. எதை வாங்கறது?"

மெயின்டெய்னர் என்பது நிற்கும் வண்டியின் பேட்டரியை இறங்கவிடாமல் நிரப்பியே வைத்திருக்கும் சின்ன சார்ஜர். அதில் விலைக்கு முன்னால் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். பேட்டரி நிரம்பிய பிறகு அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதுதான் அது.

முதலில் பேட்டரி ஏன் இறங்குகிறது என்று பார்ப்போம். காரைப் பூட்டிய பிறகும் அலாரம், கம்ப்யூட்டர், கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை. 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர் அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் அவர்) போகிறது. சின்ன காரில் இருக்கும் 35 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்று, மூன்றரை வாரத்தில் பாதியாகிவிடும். பார்க்கிங் மோடில் டேஷ்கேம் ஓடினால் வாரங்கள் எல்லாம் தேவையில்லை, சில நாட்களே போதும். நிரம்பிய பேட்டரி ஓய்வில் 12.6, 12.7 வோல்ட் காட்டும். 12.2க்கு வந்தால் பாதிதான் மிச்சம். பாதியிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் தட்டுகளில் படிகிற ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. மற்ற ஊர்களில் வெயில் பேட்டரியைக் கொல்கிறது. பெங்களூரில் வெயில் அந்த அளவுக்கு இல்லை. இங்கே என் மேஜைக்கு வரும் பேட்டரிகளில் நிறைய, ஓடாமலேயே செத்தவை.

தினமும் காலையில் கீழே போய்ப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு வரும் பெரியவர்கள் உண்டு. ஐடிலில், பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் கொடுக்காது, பத்து நிமிடத்தில் பேட்டரியும் நிரம்பாது. பேஸ்மென்ட்டில் புகைதான் மிச்சம். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை நைஸ் ரோட்டில் ஒரு மணி நேரம் போய் வரலாம். டோல் கட்டணம்தான் கொஞ்சம் கசக்கும்.

சரி, மெயின்டெய்னருக்கு வருவோம். ஒழுங்கான பெட்டி முதலில் 14.4 வோல்ட் சுமாருக்கு ஏற்றி பேட்டரியை நிரப்பும். நிரம்பியதும் 13.5 சுமாருக்கு இறக்கி அங்கேயே பிடித்துக்கொள்ளும். இதை ஃப்ளோட் என்போம். வேறு சில பெட்டிகள் முழுக்க நிறுத்திவிட்டு, வோல்டேஜ் இறங்கினால் மறுபடி தொடங்கும். இரண்டும் நல்லதே. மட்டமான பெட்டி இறக்காது. 14.4லேயோ அதற்கும் மேலேயோ நாள்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் வெளியேறும். மூடி திறக்கும் பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிச் சமாளிக்கலாம். இப்போது வரும் மெயின்டெனன்ஸ் ஃப்ரீ பேட்டரியில் அந்த வழியும் இல்லை. பேட்டரியைக் காப்பாற்ற வாங்கிய பெட்டியே அதைக் காய்ச்சி எடுத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். பெட்டியின் டிஸ்பிளேவை நம்ப வேண்டாம், மலிவு ரகங்களில் அது தன் இஷ்டத்துக்குக் காட்டும். ஒரு நாள் முழுக்க மாட்டி வைத்துவிட்டு டெர்மினலில் அளந்து பாருங்கள். ஃப்ளோட் ரகத்தில் 13.2க்கும் 13.8க்கும் நடுவில் இருந்தால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பெட்டியாக இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே நிரம்பியிருந்த பேட்டரியில் ஒரு நாள் கழித்தும் 14.4 நின்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அதே நேரத்தில் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். சுவிட்சை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள். நம் ஊரில் கரண்ட் போய் வருவது சகஜம். நல்ல பெட்டி விட்ட இடத்திலிருந்து தானே தொடரும். பட்டன் அமுக்கினால்தான் எழுந்திருக்கும் பெட்டி, நீங்கள் ஊரில் இருக்கும்போது முதல் பவர் கட்டிலேயே தூங்கிவிடும். அதோடு நிற்காமல், கரண்ட் இல்லாதபோது பேட்டரியிலிருந்தே கொஞ்சம் உறிஞ்சும் பெட்டிகளும் உண்டு. "ஒரு மாசமா சார்ஜர்லதான் இருந்துச்சு, எப்படி டவுன் ஆச்சு?" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

விலை கூடிய பெட்டி எதற்குக் கூடுதல் காசு வாங்குகிறது? ஸ்வீடனின் சிடெக், அமெரிக்காவின் நோகோ, நெதர்லாந்தின் விக்ட்ரான் போன்றவற்றில் மேலே சொன்னதெல்லாம் கவலையில்லாமல் நடக்கும். ஏஜிஎம் (கண்ணாடி இழை விரிப்பில் ஆசிட்டைப் பிடித்து வைக்கும் ரகம்) பேட்டரிக்குத் தனி மோட், டெர்மினலில் நிரந்தரமாக மாட்டி வைக்கும் ஃப்யூஸ் போட்ட வயர், தூசி தண்ணீர் புகாத உறை, வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜை மாற்றும் வசதி என்று மாடலைப் பொறுத்துப் பட்டியல் நீளும். இவற்றில் கடைசி வசதிக்காக மட்டும் பெங்களூர் பேஸ்மென்ட்டில் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். திறந்தவெளியில் வண்டி நிற்கும் சென்னை, டெல்லி வெயிலில் அதற்கு அர்த்தம் உண்டு. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்தால் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள். அமெரிக்கச் சந்தைக்கான சில மாடல்கள் 120 வோல்ட்டுக்கு மட்டும்.

என் கணக்கு இப்படிப் போகும். சாதாரண பேட்டரி உள்ள சின்ன கார், நீங்களும் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால், மீட்டர் சோதனையில் தேறிய மலிவுப் பெட்டியே போதும். சிக்னலில் எஞ்சின் தானே நின்று கிளம்பும் ஸ்டார்ட் ஸ்டாப் வண்டியில் ஏஜிஎம் பேட்டரி இருந்தால் நல்ல பெட்டிதான். அந்தப் பேட்டரியின் விலைக்கு முன் மெயின்டெய்னரில் மிச்சம் பிடிக்கும் பணம் ஒன்றுமில்லை. ஆள் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் மாட்டி வைப்பதானாலும் அப்படியே. ஆறு மாதம் வெளிநாட்டுக்கு ஆன்சைட் வேலையாகப் போகிறீர்கள், பழைய வண்டி என்றால் எதையும் வாங்காமல் பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பேட்டரி தானாக இறங்குவது மெதுவாகத்தான் நடக்கும், நடுவில் யாராவது ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். புது வண்டிகளில் கழற்றுவதற்கு முன் மேனுவலைப் பாருங்கள், சில செட்டிங்குகள் அழிந்துவிடும்.

ஒரு ஆம்பியர் மெயின்டெய்னரை வைத்துச் செத்த பேட்டரியை எழுப்ப முடியாது. பாதி இறங்கிய 45 ஆம்பியர் அவர் பேட்டரிக்கே அதற்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். ரொம்ப இறங்கியிருந்தால் பல ஸ்மார்ட் பெட்டிகளுக்கு எதிரே பேட்டரி இருப்பதே தெரியாது. கடையில் கொடுத்து ஸ்லோ சார்ஜ் போட்டபின் மெயின்டெய்னரை மாட்டுங்கள்.

மாட்டும்போது முதலில் சிவப்பு கிளிப்பை பாசிட்டிவில் போடுங்கள். கறுப்பைப் பேட்டரியின் நெகட்டிவில் நேராகப் போடாமல் பாடியில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் எர்த் பிடியுங்கள். அப்போதுதான் பொறி பறந்தாலும் பேட்டரிக்குப் பக்கத்தில் பறக்காது, பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்க்க நெகட்டிவில் சென்சார் வைத்த வண்டிகளில் அந்தக் கணக்கும் குழம்பாது. பிளக்கைக் கடைசியில் சொருகுங்கள். கழற்றும்போது பிளக்தான் முதலில். பேஸ்மென்ட்டின் பொது மீட்டரிலிருந்து கரண்ட் எடுப்பதானால் அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பெட்டி தின்னும் கரண்ட் அற்பம்தான், ஆனாலும் செக்யூரிட்டி பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனால் வாங்கியதெல்லாம் வீண்.