வலை நிறைய மீன், பெற்றோர் எத்தனை?

மீனின் துடுப்பு நுனியில் நகத்துணுக்கு அளவுக்கு வெட்டி எத்தனால் குப்பியில் போட்டுக்கொண்டு, மீனை ஆற்றிலேயே விட்டுவிடுவோம். அந்தத் துணுக்கின் டி.என்.ஏ.வைப் பார்த்தால் சில சமயம் மனசு கனத்துவிடும். வலை நிறைய வந்தவற்றில் பெரும்பாலானவை அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளாக இருக்கும்.

காரணம் எளிது. ஒரு பெரிய தாய்மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவள் இட்ட இடம் தப்பித்து, மற்றவர்களுடையதை வெள்ளம் அடித்துப் போயிருந்தால், அந்த ஆண்டுக் குஞ்சுகளில் பாதி அவள் வாரிசுகளே. உண்மையில் அடுத்த தலைமுறைக்கு மரபணு தருகிற மீன்கள் 50 பேருக்குச் சமம் என்றால், தலைமுறைக்கு 1 விழுக்காடு மரபணு வேறுபாடு தற்செயலாகவே அழிந்துபோகும்.

கடலில் கூட்டங்கள் கலந்துகொள்ளும். ஆற்றில் அது கடினம். 1994இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், மொத்த மரபணு வேறுபாட்டில் கூட்டங்களுக்கு இடையிலான பங்கு கடல்மீன்களில் சராசரியாக 6 விழுக்காடு, நன்னீர் மீன்களில் 22. பக்கத்துப் பக்கத்துக் கிளையோடைகளில்கூட வேறு வேறு குடும்பங்கள் இருக்கலாம். பனியுகம் முடிந்தபின் ஒருசில மீன்கள் குடியேறிய வட நாட்டு ஏரிகளில் வேறுபாடு இயல்பாகவே குறைவு. அது இயற்கையின் கணக்கு.

அணை நம் கணக்கு. மீன் மேலிருந்து கீழே விழுந்து போகலாம், திரும்ப ஏற முடியாது. ஜப்பானில் 'வெண்புள்ளி சார்' (char) என்ற சால்மன் குடும்ப மீன்களை ஆராய்ந்தபோது, அணைக்கு மேலே சிக்கியவற்றில் மரபணு வேறுபாடு கீழே உள்ளவற்றைவிடக் குறைவாக இருந்தது.

சரி, மீன் குறைந்துவிட்டது, பண்ணைக் குஞ்சு விடலாம் என்று நல்ல மனதோடு பலர் வருகிறார்கள். இதில்தான் எனக்குப் பயம் அதிகம். அமெரிக்காவின் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட் டிரவுட் மீன்களை வைத்து 2007இல் வெளியான ஆய்வு, பண்ணையில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், பிறகு இயற்கையில் இனம்பெருக்கும் திறன் சுமார் 40 விழுக்காடு குறைகிறது என்று கண்டது. அந்தக் குஞ்சுகள் உள்ளூர் மீனோடு சேரும்போது, அந்த ஓடைக்கென்றே பல காலமாகத் தேறி வந்த மரபணுக்களும் நீர்த்துப்போகலாம்.

அதனால் குஞ்சு விட வருகிறவர்களிடம் முதலில் மூன்று கேள்வி கேட்பேன். தாய்மீன்கள் இதே ஆற்றைச் சேர்ந்தவையா? எத்தனை தாய், எத்தனை தகப்பன்? மீன் மேலே ஏற வழி இருக்கிறதா? மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், குஞ்சு லாரியை நிறுத்திவிட்டு அந்தத் தடுப்பைப் போய்ப் பார்ப்போம் என்பேன்.