படத்தில் மாடு காது விடைக்க வாலை முறுக்காதீர்கள்

விற்பனைக்குப் படம் எடுக்கப்போய் வால் முறிந்த மாடு, கருவிழி புண்ணான மாடு, மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி முட்டி தேய்ந்த மாடு. சிகிச்சைக்கு இவை வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு படத்துக்காக இதெல்லாம் தேவையா?

படத்தில் மாடு சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டும் என்று, “காது தூக்கினால் சரி, எப்படித் தூக்கினால் என்ன” என்ற நினைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். கவனிக்கிற மாடு வேறு, மிரண்ட மாடு வேறு. கவனிக்கிற மாட்டுக்கு இரண்டு காதும் முன்னால் திரும்பியிருக்கும். கழுத்து இறுகியிருக்காது, வால் தளர்ந்து தொங்கும். மிரண்டதற்கோ விழியின் வெள்ளை தெரியும், மூக்குத் துவாரம் விரியும், முதுகு கூனும், ஒரு காது முன்னும் ஒரு காது பின்னுமாக அலையும். கொஞ்ச நேரத்தில் சாணி தண்ணீராகப் போகும். மாடு பார்த்துப் பழகியவர் படத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார். கூனிய முதுகைப் பார்த்து மாட்டுக்கே ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார்.

இன்னொன்று. சத்தம் வரும் பக்கம்தான் காது திரும்பும். பின்னால் நின்று தகரத்தைத் தட்டினால் காது எப்படி முன்னால் வரும்? மாட்டின் பார்வை ஏறக்குறைய 330 பாகை. தெரியாத இடம் நேர் பின்புறம்தான். அங்கே நின்று சத்தம் போட்டால் உதை விழும். வெடியும் வேண்டாம். நமக்குக் கேட்காத மெல்லிய கீச்சொலிகூட மாட்டுக்குக் கேட்கும்.

செய்ய வேண்டியது எளிது. மாட்டைச் சமதரையில் பக்கவாட்டில் நிறுத்துங்கள். முன்கால் இரண்டும் சற்று மேடான இடத்தில் இருந்தால் நல்லது. வெயில் உங்கள் முதுகில் விழட்டும், கேமரா மாட்டின் நடு உடல் உயரத்தில் இருக்கட்டும். முதலில் ஃபோகஸ் வைத்துவிட்டுத்தான் சத்தம் எழுப்பும் ஆளுக்குச் சைகை காட்ட வேண்டும். அவர் மாட்டுக்கு முன்னால் ஆறேழு மீட்டர் தள்ளி நின்று, பிளாஸ்டிக் தீவனப் பையை ஒரே ஒரு முறை கசக்கினால் போதும். காது சில நொடிதான் நிற்கும், அதற்குள் எடுத்துவிடுங்கள். அதே சத்தம் இரண்டு மூன்று தடவைக்கு மேல் எடுபடாது, பழகிப்போகும். பிறகு வாளியில் தீவனத்தைக் குலுக்குங்கள், அல்லது வெள்ளைத் துணியை மெதுவாக அசைத்துக் காட்டுங்கள். கன்று கத்தும் பதிவையும் சிலர் போடுகிறார்கள். அண்மையில் ஈன்ற மாட்டிடம் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தவித்துப்போகும்.

தலை நிமிரட்டும் என்று மூக்கணாங்கயிற்றைச் சுண்டி இழுக்காதீர்கள். வாலை முறுக்கவே கூடாது. உள்ளே இருப்பது எலும்பு. முறிந்து நரம்பும் போனால் ஈ ஓட்டக்கூட வாலைத் தூக்க முடியாது. வால் துவண்டு தொங்கினால் அன்றைக்கே காட்டுங்கள்.

கண் பளபளக்க எதையும் கண்ணில் பிழியாதீர்கள். கண்ணீர் வடிந்து, கண்ணை மூடி மூடித் திறந்தால் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவி, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். புண் இருந்தால் அது இன்னும் ஆழமாகும்.

காளை என்றால் பழகியவர் கயிற்றைப் பிடித்திருக்கட்டும், சத்தம் போடும் ஆள் வேலிக்கு வெளியே நிற்கட்டும். நிறைசினை மாட்டை இந்த வேலைக்கே நிறுத்தாதீர்கள். எந்த மாடானாலும் கால் மாற்றி மாற்றி நிற்க ஆரம்பித்தால் அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் காட்டுங்கள். படத்தை நாளைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.