வழியும் ஜன்னலுக்குக் கழற்றி மாட்டும் உள்தகடு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “குளிர்காலத்தில் தினமும் காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, சட்டத்தின் மூலையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. வீட்டுக்காரர் டபுள் கிளேசிங் (இரட்டைக் கண்ணாடி ஜன்னல்) போட்டுத் தர மாட்டாராம். ஜன்னலின் உள்பக்கம் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு விற்கிறார்களே, அது வேலை செய்யுமா, ஏமாற்றா?”

வேலை செய்யும். ஆனால் எதை அடைப்பது, எதை விட்டுவைப்பது என்பதில்தான் சூட்சுமம்.

ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே துளிகள் கோப்பது பள்ளியில் படித்ததுதான். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் குளித்து, சோறு வடித்து, துணியையும் உள்ளேயே காயப்போடும் வீட்டில் இது சாதாரணம். அங்கே 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீராவி தண்ணீராகும். வெளியே 0 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் சுமார் 5 டிகிரிதான். பிறகு வழியாமல் என்ன செய்யும்?

4 மில்லிமீட்டர் கண்ணாடி வெப்பத்தைத் தடுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். கிடைக்கிற கொஞ்சநஞ்சத் தடுப்பும் அதன் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலத்தின் புண்ணியம். உள்ளே இன்னொரு தகட்டை 15, 20 மில்லிமீட்டர் தள்ளி மாட்டினால் நடுவில் அநேகமாக அசையாத காற்று சிக்கிக்கொள்கிறது, வெப்ப இழப்பு பாதிக்கும் கீழே போகிறது. இடைவெளியை இன்னும் கூட்டினால் உள்ளேயே காற்று மேலும் கீழும் சுற்ற ஆரம்பித்துவிடும், பெரிய லாபமில்லை (தெருச் சத்தத்தைக் குறைக்கத்தான் 100 மில்லிமீட்டர் வேண்டும்). இப்போது அறைப்பக்கத் தகடு சுமார் 13 டிகிரி. 12-ஐத் தாண்டிவிட்டோம், அதுவும் மயிரிழையில்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். அறையின் சூடு வந்து சேராததால் பழைய வெளிக்கண்ணாடி முன்பைவிடக் குளிர்ந்து 2 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அறைக்காற்று கொஞ்சம் இடைவெளிக்குள் கசிந்தாலும் நேராகப் போய் அதில் படிந்து வழியும், தகட்டைக் கழற்றாமல் துடைக்கக்கூட முடியாது. ஆகவே உள்தகட்டின் விளிம்பு இறுக்கமாக ஒட்ட வேண்டும், வெளி ஜன்னலோ கொஞ்சம் கசிய வேண்டும். பலர் நேர்மாறாகப் பழைய ஜன்னலின் இடுக்கையெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டு, தகட்டை ஏனோதானோ என்று மாட்டுகிறார்கள். வெளியே தூறல், அந்த ஈரக்காற்றையா உள்ளே விடுவது என்று தோன்றும். 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று எவ்வளவு நனைந்திருந்தாலும் 5 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது, நம் அறைக்காற்றிலோ 10 கிராம் இருக்கிறது. லண்டன் மழைக்காற்றுதான் இங்கே உலர்ந்த காற்று!

2008-இல் ஸ்காட்லாந்தின் பழைய கட்டடங்களைப் பாதுகாத்த அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்து, கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தைக் கொண்டு பழைய ஜன்னல்களை அளந்து பார்த்தது. உள்கண்ணாடி வெப்ப இழப்பை 63 சதவீதமும், ஜன்னலை மூடும் மரக்கதவு 51 சதவீதமும் குறைத்தன. மினுமினுப்பில்லாத இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் அரசு முதலில் பணம் தர வேண்டும் என்பது என் கட்சி.

சரி, மாட்டும் விதம். சட்டத்தில் ஸ்டீல் பட்டை, தகட்டின் விளிம்பில் காந்தப் பட்டை. பழைய சட்டங்கள் சதுரம் தவறியிருக்கும், மூலைவிட்டம் இரண்டையும் அளந்த பிறகே தகட்டை வெட்டக் கொடுங்கள். பூஞ்சையைத் துடைத்து, சட்டம் நன்றாகக் காய்ந்த, குளிர்ந்து வறண்ட ஒரு நாளில் மாட்டுங்கள். கோடையில் கழற்றிக் கட்டிலுக்கடியில் படுக்கவைத்தால் வளையாது. படுக்கையறையில் தீ விபத்தின்போது வெளியேறும் வழி அந்த ஜன்னல்தான் என்றால், ஒரே இழுப்பில் கையோடு வரும்படி ஒரு கைப்பிடி வையுங்கள். சமையலறை, குளியலறையில் ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறிகளை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஜன்னலில் படிய முடியாத ஈரம் அடுத்ததாக அலமாரிக்குப் பின்னால் இருக்கும் குளிர்ந்த சுவரைத் தேடிப் போகும்.