பாலியேட்டிவ் கேர் எப்படி 'நோய்த்தடுப்பு' ஆயிற்று?

பிள்ளையின் கடும் நோயையும் சாவையும் பற்றிப் பெற்றோரிடம் பேட்டி எடுக்கும் ஆய்வுகளுக்காகச் சென்னையில் தயாராகும் தகவல் தாள்களில் 'நோய்த்தடுப்புச் சிகிச்சை' என்ற தொடர் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. கடும் நோயின் வேதனையைத் தணிக்கும் மருத்துவமான பாலியேட்டிவ் கேருக்கு மொழிபெயர்ப்பு இயந்திரம் துப்பியதை அப்படியே அச்சேற்றிவிடுகிறார்கள்.

மூலம் இலத்தீன் 'பல்லியம்', அதாவது மேலங்கி. நோயை வேரறுக்காவிட்டாலும் அதன் வேதனையைப் போர்த்தி ஆற்றுவது என்று பொருள் விரிந்தது. 1970-களில் மான்ட்ரியல் மருத்துவர் பால்ஃபர் மவுன்ட் இதைத் துறையின் பெயராக்கினார்.

தமிழ்த் தாய்க்கு நோய்த்தடுப்பு என்றால் தடுப்பூசி. 'நோய்த்தடுப்புச் சிகிச்சை எப்போது தொடங்கியது?' என்று கேட்டால் போலியோ சொட்டு மருந்து கொடுத்த மாதத்தைச் சொல்வார். தரவு அங்கேயே கெட்டது. அதைவிடக் கொடுமை, புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவர் 'அப்போ தடுத்திருக்கலாமா?' என்று மருகுவது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் முத்திரை இந்தப் பிழையைப் பிடிக்காது. தமிழை ஆங்கிலமாக்க அதே இயந்திரத்திடம் திருப்பிக் கொடுத்தால் பழையபடி 'பாலியேட்டிவ்' என்றே காட்டி ஏமாற்றும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஆள் ஒருவர் தமிழை மறுபடி ஆங்கிலமாக்கும் மறுமொழிபெயர்ப்பு செய்ய வேண்டும். பிறகு இரண்டு மூன்று பெற்றோரிடம் வாசித்துக் காட்டி, புரிந்ததை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்ல வேண்டும்.

'இறுதிக்காலப் பராமரிப்பு' என்பாரும் உண்டு. குழந்தைகளுக்கான இப்பணி நோய் கண்டறியப்பட்ட அன்றே தொடங்கி, நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே வரையறுத்துவிட்டது. 'இறுதி' என்று தாளில் கண்டால் எந்தத் தகப்பன் கையெழுத்துப் போடுவான்? பராமரிப்பு என்றாலோ எனக்கு மின்தடை அறிவிப்புதான் நினைவுக்கு வருகிறது. 'வலி நிவாரணம்' மூச்சுத்திணறலையும் வாந்தியையும் பயத்தையும், வீட்டில் தனித்துப்போன அண்ணன் தங்கையையும் விட்டுவிடுகிறது.

'நோய்த்தணிப்பு' பக்கத்தில் வருகிறது. 'தணிக்கும்' என்பது 948-ஆம் குறளிலேயே இருக்கும் சொல். ஆனால் தட்டச்சில் ஓர் எழுத்து பிசகினால் மறுபடி 'தடுப்பு'. போதாததற்கு நோயே குறையும் என்ற பொய் நம்பிக்கை வேறு. 'நோவுத்தணிப்பு' என்பதே என் தேர்வு. நோயும் நோவும் ஒரே வேரில் பிறந்தவைதாம். இன்றைய பேச்சில் உடம்பும் நோகும், மனமும் நோகும். கீழே ஒரு வரி விளக்கம் கட்டாயம்: 'பிள்ளையின் வேதனையைக் குறைத்து, குடும்பத்துக்கும் துணைநிற்கும் மருத்துவம், நோய்க்கான மருந்தோடு சேர்ந்தும் நடக்கும்.'

மொழிபெயர்ப்பாளர்களின் இன்னொரு கைவரிசை, நாலு வயதுப் பிள்ளையைக் 'காலஞ்சென்ற தங்கள் குழந்தை' என்று எழுதுவது. 'இறந்த குழந்தை' என்றாலோ இறந்தே பிறந்தது என்று கொள்ள இடமுண்டு. பெற்றோர் சம்மதித்தால் பிள்ளையின் பெயரைச் சொல்லியே கேட்கலாம். அம்மா 'தவறிட்டா' என்றால் பேட்டி எடுப்பவரும் அதையே சொல்லட்டும்; பதிவைக் கேட்டு எழுதுபவர் அதை 'மரணமடைந்தார்' என்று திருத்தாமல் இருக்கட்டும்.