அணிசேராமையை நடுநிலை என்று எழுதாதீர்கள்

கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு இரண்டு பத்திரிகை வரும், ஒன்று தமிழ், ஒன்று மலையாளம். ஐ.நா.வில் உக்ரைன் பற்றி வாக்கெடுப்பு நடந்த மறுநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்ப்பது என் வழக்கம். மலையாளத்தில் 'இந்த்ய விட்டுநின்னு', அதாவது விலகி நின்றது, என்று இருக்கும். தமிழில் 'இந்தியா நடுநிலை' என்று இருக்கும். கடைக்காரர் மலையாளத் தலைப்பைப் படித்ததும் விஷயம் விளங்கிப் பால் ஆற்றப் போய்விடுவார். தமிழ்ப் பத்திரிகையைப் படிப்பவர்தான் வாத்தியாரான என்னைப் பார்த்து, "அப்போ நம்மாளுங்கதான் ரெண்டு பேருக்கும் பஞ்சாயத்து பண்றாங்களா மாஷே?" என்று கேட்பார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நடுநிலை என்ற சொல்லைத் தமிழன் காதில் போட்டால் பஞ்சாயத்துதான் நினைவுக்கு வரும். தப்பு அந்தச் சொல்லை அங்கே கொண்டுபோய் வைத்தவருடையது.

2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டித்த தீர்மானத்துக்கு ஆதரவாக 141 நாடுகள், எதிராக 5, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 35. அந்த 35இல் இந்தியாவும் ஒன்று. இது ஒரு செயல். அன்றைய வாக்கில் கையைத் தூக்கவில்லை, அவ்வளவுதான். 'வாக்களிக்காமல் விலகி நின்றது' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? தலைப்பில் இடம் போதவில்லை என்றால் 'இந்தியா விலகல்' போதும்.

வாக்கெடுப்போடு விட்டிருந்தால் நானும் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது அதே நடுநிலையை, அமெரிக்கா, சோவியத் என்ற இரண்டு முகாமிலும் சேராமல் நின்ற நேரு காலத்து அணிசேராக் கொள்கைக்கும் ஒட்டுகிறார்கள். தமிழ் வழியில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுப்பவன் நான். போன பருவத் தேர்வில் ஒரு பையன் 'நேரு நடுநிலைக் கொள்கையைக் கடைப்பிடித்தார்' என்று எழுதியிருந்தான். அரை மதிப்பெண் குறைத்தேன். மறுநாள் அவன் அம்மா வழிகாட்டி நூல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "இதுல அப்படித்தானே மாஷே போட்டிருக்கு?" போட்டுத்தான் இருந்தது, அதுவும் தடித்த எழுத்தில்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் அது 'நான் அலைன்மென்ட்'. உள்ளே இருப்பது பிரெஞ்சு வழியாக வந்த, கோடு என்று பொருள்படும் சொல். அதற்கும் பின்னால் போனால் லத்தீனில் ஆளிச்செடி நாரின் இழை, அதாவது நூல். கொத்தனார் சுவரெழுப்ப நூல் பிடிக்கிறாரே, அதுவேதான். பொள்ளாச்சி சாலையில் டயர் கடைப் பலகைகளில் 'வீல் அலைன்மென்ட்' என்று இருப்பதும் இந்தச் சொல்தான். வரிசையில் நிற்பது, படையில் ஒருவர் பக்கம் போய் நிற்பது என்று பொருள் விரிந்தது. தமிழில் அணி என்றாலும் வரிசை, படைவரிசை. முன்னணி, பின்னணி, அணிவகுப்பு எல்லாம் அந்தக் குடும்பம். அணிசேராமை என்று முதலில் எழுதியவர் யாரோ, அவர் கைக்கு மோதிரம் போடலாம். சொல்லுக்குச் சொல், படத்துக்குப் படம் பொருந்துகிறது.

எதிர்க்கட்சி வக்கீல் உடனே குறளை எடுப்பார். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி.' ஒரு பக்கமும் சாயாமல் இருப்பதுதானே ஐயா இந்தியாவின் கொள்கை, நடுவு நிலைமை அதிகாரத்திலேயே இருக்கிறதே என்பார். குறளின் கடைசியில் 'அணி' வேறு வந்து வேடிக்கை காட்டுகிறது. அந்த அணி நகை, படை அல்ல.

நல்ல வாதம்தான். ஆனால் தராசுக்கு அரிசி வேண்டாம். தட்டில் எது ஏறினாலும் அதற்கு ஆவதொன்றும் இல்லை. அதனால்தான் அது நடுவில் நிற்க முடிகிறது. 1950களின் இந்தியா அப்படியா இருந்தது? 1956இல் போட்ட பி.எல். 480 என்ற உணவு உதவி ஒப்பந்தப்படி அமெரிக்கக் கோதுமை வந்தது. பிலாயில் சோவியத் உதவியோடு எஃகு ஆலை எழும்பியது. ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனி, துர்காபூருக்கு பிரிட்டன். இரண்டு தட்டிலிருந்தும் எடுத்துத் தின்கிற தராசை எந்தச் சந்தையிலாவது பார்த்திருக்கிறீர்களா? இதைக் குறையாகச் சொல்லவில்லை. பசித்த நாடு, கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பெயர் நடுநிலை அல்ல என்பதுதான் என் வழக்கு.

நேருவே அந்தப் பெயரை ஏற்கவில்லை. 1949 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது, சுதந்திரத்துக்கு ஆபத்து வந்தால், நீதிக்கு மிரட்டல் வந்தால், ஆக்கிரமிப்பு நடந்தால் நாங்கள் நடுநிலையாக இருக்க முடியாது, இருக்கவும் மாட்டோம் என்ற பொருளில் சொன்னார். எதிர்ப்பக்கம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். 1956இல் நடுநிலை என்பது காலாவதியான எண்ணம், சில விலக்குகள் போக ஒழுக்கக்கேடு என்றே பேசினார். அதாவது எந்தச் சேர்க்கையிலும் சேராத நாடுகளை நடுநிலை என்ற பெயரில் வைத்துத் திட்டியவர் டல்லஸ். திட்டியவர் வைத்த பெயரை எடுத்து நம் பிள்ளைகளின் வழிகாட்டியில் தடித்த எழுத்தில் அச்சடிக்கிறோம்!

அணிசேராமை என்பதில் கருத்து சொல்ல உரிமை உண்டு, திட்டவும் உரிமை உண்டு, ஒருவரிடம் ஆயுதம் வாங்கவும் உரிமை உண்டு. நிரந்தரமாக ஒருவர் படையில் பெயர் எழுதிக்கொள்ளாமை மட்டுமே அதன் சாரம். அதிலும் தள்ளாட்டம் இருந்தது. 1962இல் சீனப் படை இறங்கியதும் அமெரிக்காவிடம் ஆயுத உதவி கேட்டோம். 1971 ஆகஸ்டில் சோவியத்தோடு 20 ஆண்டு நட்புறவு ஒப்பந்தம். அணிசேராமை அப்போது நொண்டியது என்று சொல்லலாம், வாதிடலாம். நடுநிலை என்று பெயர் வைத்துவிட்டால் வாதிடவே இடமில்லாமல் முழுப்பொய்யாகிவிடுகிறது.

அப்படியானால் சுவிட்சர்லாந்தை என்ன சொல்வது? 1815இல் வியன்னா மாநாட்டுக் காலத்தில் வல்லரசுகள் ஏற்றுக்கொண்ட நிலை அது. ஆஸ்திரியா 1955இல் சட்டமே போட்டது. போரில் யார் பக்கமும் நிற்பதில்லை என்ற சட்டநிலை. அதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது, நொதுமல். பரிமேலழகர் நடுவு நிலைமைக்கு உரை சொல்லும்போது பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்று பகுதியிலும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்கும் நிலைமை என்கிறார். கவனியுங்கள். நொதுமல் அந்த மூன்றில் ஒன்று. நமக்குப் பகையும் அல்லாத, நட்பும் அல்லாத ஆள். நடுவு நிலைமை இந்த மூவரிடமும் நியாயமாக நடக்கிற நீதிபதியின் குணம். ஆக, இரண்டும் வேறு வேறு என்று உரையாசிரியரே பிரித்துக் கொடுத்துவிட்டார். நியூட்ரானுக்கு நொதுமி என்று பெயர் வைத்தவர்களும் இந்த வேரைத்தான் பிடித்தார்கள். டீக்கடையில் இதைச் சொல்லிப் பார்த்தேன். "நொதுமலா? அது எந்தச் செடி மாஷே?" என்றார்கள். சரி, வழக்கில் வர நாளாகும். சுவிட்சர்லாந்துக்கு மட்டும் நடுநிலையை விட்டுக்கொடுக்கிறேன், மற்றவர்களுக்குக் கிடையாது.

எல்லையில் இருப்பதால் அக்கம்பக்கம் பார்க்கிற பழக்கம் எனக்கு. தெலுங்கில் 'அலீன விதானம்'. லீனம் என்றால் கரைந்து ஒன்றாவது, அலீனம் கரையாதது. சமஸ்கிருதம்தான், ஆனால் கருத்து சுத்தம். மலையாளத்தில் 'சேரிசேரா நயம்'. எனக்கு இதில் பொறாமை உண்டு. எதுகையும் மோனையுமாய் வாயில் நிற்கிறது. கோஷ்டிச் சண்டைக்குச் சேரிப்போர், பிளவுக்குச் சேரிதிரிவு என்று ஒரு குடும்பமே வைத்திருக்கிறார்கள். 'நான் அலைன்மென்ட்' என்ற சொல்லை ஐ.நா.வில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் வி.கே. கிருஷ்ண மேனன் மலபாரில் பிறந்தவர், 1971இல் திருவனந்தபுரத்திலிருந்து மக்களவைக்குப் போனவர். அவர் ஊர்க்காரர்கள் நல்ல சொல்லாகப் பிடித்ததில் வியப்பில்லை.

அந்தச் சேரி நம்முடையதும்தான். குறுந்தொகையில் ஒரு பாட்டு 'சேரி சேர மெல்ல வந்து வந்து' என்றே தொடங்குகிறது. மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. பிறகு நாம் அந்தச் சொல்லைச் சிலரை ஒதுக்கிவைத்த இடத்துக்கு மட்டும் என்று சுருக்கினோம். போன வருடம் வகுப்பில் மலையாளச் சொல்லை எழுதிப்போட்டபோது ஒரு பையன், "சேரிக்குப் போகாம இருக்கிறதா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது, இரண்டு பிள்ளைகள் சிரிக்கவில்லை. அதனால் அந்தச் சொல்லை இரவல் வாங்க எனக்கு மனம் வராது.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது, 'மல்ட்டி அலைன்மென்ட்'. 2017 ஜூனில் சீனாவும் ரஷ்யாவும் இருக்கிற ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பில் இந்தியா சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு குவாட் என்ற நான்கு நாட்டுப் பேச்சு மறுபடி உயிர்பெற்றது. இந்த நடத்தைக்குத்தான் அந்தப் பெயர். இதைத் தமிழில் 'பன்முகச் சீரமைப்பு' என்று எழுதியிருப்பதைப் படித்தேன். சீரமைப்பு! ரோட்டைத் தோண்டிவிட்டுப் பலகை வைப்பார்களே, அந்தச் சீரமைப்பு. டயர் கடை அலைன்மென்ட்டை அகராதியில் பார்த்து வெளியுறவில் ஒட்டியிருக்கிறார்கள். 'பல அணி சேர்தல்' என்பவர்களும் உண்டு. அது தேர்தல் நேரத்துக் கட்சித் தாவல் போல ஒலிக்கிறது. 'பல்லணி உறவு' என்றால் என்ன? சேரவில்லை, உறவு மட்டும். அதுதானே நடப்பதும்.

இன்னொன்று, சின்ன விஷயம். சேராத என்பது ஈறுகெட்டுச் சேரா என்று நிற்கிறது, அதன் பின்னே வல்லினம் மிகும். அணிசேராக் கொள்கை. அணிசேரா நாடுகளுக்கு ஒற்று வேண்டாம். தொலைக்காட்சியில் ஓடும் வரியில் இந்தக் க்-ஐப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

அந்தப் பையனுக்கு அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தரவில்லை, அவன் அம்மாவுக்கு என் மேல் வருத்தம்தான். அதே தேர்வில் 'சேரி சேரா கொள்கை' என்று மலையாளத்தை அப்படியே தமிழில் எழுதியிருந்த ஒரு பெண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டேன். பக்கத்தில் சிவப்பு மையில் 'அணிசேராக்' என்று எழுதி, க்-இன் கீழே இரண்டு கோடு.