தூண்டிலோடு ஓர் இரவு: கயாக்கில் எதை எங்கே வைப்பது?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தென்முனையில் உள்ள எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில், அலையாத்திக் காடுகளுக்கு நடுவே தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் மரமேடைகள் உண்டு. சிக்கீ என்பது அவற்றின் பெயர். பத்தடிக்குப் பன்னிரண்டடி மேடை, மேலே கூரை, ஓரத்தில் கழிப்பறை, அவ்வளவுதான். ஸ்னூக், ரெட்ஃபிஷ் மீன்களைத் தேடிக் கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகில் துடுப்பு வலித்துப் போகிறவர்கள் பலர் இரவை இங்கேதான் கழிக்கிறார்கள். மேடையில் ஆணி அடிக்கக் கூடாது. எனவே முளை அடிக்காமல் தானாக நிற்கும் கூடாரம் வேண்டும். தீ மூட்டவும் கூடாது. சமைக்கச் சிறிய எரிவாயு அடுப்பு போதும்.

மூட்டை கட்ட உட்கார்ந்ததும் கை முதலில் தூண்டில் தடிகளை நோக்கித்தான் போகும். கணக்கைக் குடிநீரிலிருந்து தொடங்குவதே சரி. சுற்றிலும் உவர்நீர் என்பதால் குடிப்பதற்கான தண்ணீர் முழுவதும் கரையிலிருந்தே வர வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் என்பது அங்குள்ள வழக்கம். இரண்டு நாளுக்கும், எதிர்காற்றில் மாட்டிக்கொண்டால் இன்னொரு நாளுக்கும் சேர்த்தால் பதினொன்றரைக் கிலோ. மூட்டையிலேயே கனமான பொருள் இதுதான்.

அந்தக் கனம் படகை என்ன செய்யும்? தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும்வரை படகு அமிழும். நீர்மட்டத்தில் ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்புள்ள கயாக்கில் 15 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். இது ஒன்றும் பெரிதல்லவே என்று தோன்றலாம். ஆனால் மீன்பிடிக்கப் பயன்படும் கயாக்குகளில் பெரும்பாலானவை மேலே உட்காரும் வகை. அவற்றின் தளத்திலிருந்து அடிப்பகுதி வரை வடிதுளைகள் ஊடுருவிச் செல்லும். கட்டுமரத்தில் ஏறிய அலைநீர் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடுவதைப் போல, தளத்தில் விழும் நீர் இந்தத் துளைகள் வழியே வடிந்துவிடும். தளம் வெளிநீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்வரைதான் இது நடக்கும். சுமை மிஞ்சித் தளம் தாழ்ந்தால் அதே துளைகள் வழியே கடல் உள்ளே ஏறும். அப்புறம் நாள் முழுக்க ஈரத்தில்தான் உட்கார வேண்டும்.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் போலவே எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். தண்ணீர்க் கலன்கள் இருக்கையை ஒட்டி, முடிந்தவரை அடியில் இருக்க வேண்டும். கனம் இரு முனைகளுக்கும் விலகிப்போனால் அலை வரும்போது மூக்கு சட்டென்று எழும்பாது, அலைக்குள் குத்தும். பின்பக்கம் மட்டும் இலேசாக இருந்தால் பக்கக் காற்று அதைத் தள்ளிவிட, மூக்கு காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். துடுப்பு வலிப்பதில் பாதி, திசையைத் திருத்துவதிலேயே போய்விடும்.

இனி உடை. கொசு குறைவாக இருக்கும் குளிர்காலம்தான் அங்கே இந்தப் பயணங்களுக்கு ஏற்ற பருவம். பகலில் வெயில் இதமாக இருக்கும். திடீரென வாடை வீசினால் இரவு வெடவெடக்கும். அந்த நேரத்தில் நனைந்த பருத்திச் சட்டை ஆபத்தானது. தடித்த பருத்தி மேல்சட்டை அரைக் கிலோ தண்ணீரை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். அது முழுவதும் ஆவியாகச் சுமார் 12 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அப்படியானால் அந்த ஒரு சட்டையைக் காயவைக்க மூன்று மணி நேரத்துக்கும் மேலான உடல் வெப்பம் செலவாகும். காற்றும் வெயிலும் அதில் ஒரு பங்கைத் தரும் என்பது உண்மைதான், ஆனால் இரவில் வெயில் ஏது? சித்திரை மாதத்தில் நாம் பருத்தியைத் தேடி உடுத்துவதும் இதே குளிர்ச்சிக்காகத்தான்.

பாலியஸ்டர் இழை காற்றிலிருந்து தன் எடையில் அரை சதவீத ஈரம்கூட ஏற்பதில்லை. நனைந்தாலும் நீர் இழைகளுக்கு இடையில்தான் நிற்கும். உதறினால் பெரும்பகுதி போய்விடும். கம்பளி வேறு ரகம். அது நீராவியை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும்; தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஏற்றாலும் தொடும்போது ஈரம் தெரியாது. சுருள் சுருளான இழைகள் நனைந்த பின்னும் ஓரளவு காற்றைப் பிடித்து வைத்திருப்பதால் வெதுவெதுப்பு மிஞ்சும். பகலுக்குத் தொளதொளப்பான பாலியஸ்டர் முழுக்கைச் சட்டை, இரவுக்குக் கம்பளி என்று பிரித்துக்கொள்ளலாம். தொளதொளப்பு அழகுக்காக அல்ல. உடலை ஒட்டிய மெல்லிய துணியைத் துளைத்துக் கொசு கடித்துவிடும். கொசுவைவிடப் பொல்லாதது கண்ணுக்கு எளிதில் தெரியாத கடி ஈ. சாதாரணக் கொசுவலையின் கண்ணிக்குள் அது தாராளமாக நுழையும் என்பதால், கூடாரம் வாங்கும்போது வலையின் நெருக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரவு உடையை நீர்புகாப் பையில் போட்டு, வாயைக் குறைந்தது மூன்று முறை இறுகச் சுருட்டிக் கொக்கியை மாட்ட வேண்டும். மாட்டியபின் பையை இரு கைகளாலும் அமுக்கிக் காதருகே வைத்துப் பாருங்கள். உஸ்ஸென்று சத்தம் வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. மீன்பிடிப் பயணத்தில் அந்த ஓட்டையைப் போடுவது பெரும்பாலும் தூண்டில் முள்தான். முக்கிளை முள் ஒன்று பெட்டியிலிருந்து நழுவிப் பையில் குத்தினால் துளை கண்ணுக்கே படாது, கம்பளி மட்டும் நனைந்து கிடக்கும். அதனால் முள் பெட்டிக்கும் துணிப் பைக்கும் நடுவே இருக்கை இருக்கட்டும்.

மீனைக் கெடாமல் வைக்கப் பனிக்கட்டிக்குத் தனியாக இடம் ஒதுக்கத் தேவையில்லை. குடிநீரில் ஒரு பங்கை முன்கூட்டியே உறையவைத்துக் கொண்டுபோனால், ஒவ்வொரு கிலோவும் உருகும்போது 3.3 லட்சம் ஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், உருகியதும் குடிக்கலாம். பெரிய கட்டியாக உறையவைத்தால், எடைக்கு வெளிப்பரப்பு குறைவு என்பதால் மெதுவாக உருகும். கலன் மட்டும் கெட்டியான சுவர் கொண்டதாக இருக்க வேண்டும். கரையோர முகாம்களில் இறங்கினால் அங்குள்ள ரக்கூன் என்ற சிறு விலங்குகளுக்கும் நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது. மெல்லிய பிளாஸ்டிக் புட்டியை இரவோடு இரவாகக் கடித்துக் குடித்துவிடும்.